ஐந்து அலசல்

மார்ச் 4, செவ்வாய்

கெமிக்கல் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாக என் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. கோடு போட்ட நல்ல தாள் வீணாவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால் எழுத ஆரம்பித்திருக்கிறேன். லேபில் எனக்கு இதுதான் பேர்: தவமணி அக்கா எதையும் தூக்கிப் போட விடமாட்டாள்.

காலையில் பீக்கரும் பாட்டிலும் கழுவினேன். மதியம் ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப் என்பது விரல் நீளத்தில் எட்டுக் குழிகளோடு இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. பன்னிரண்டு பட்டைகளை ஒரு சட்டத்தில் செருகி, வெளிச்சத்தை அளக்கும் மெஷினுக்குள் வைப்பார்கள். ஒரு தடவை பயன்படுத்திவிட்டுக் குப்பையில் போட வேண்டிய சாமான்தான். ஆனால் கேட்டு எழுதினால் வந்து சேர நான்கு மாதம் ஆகிறது. அதனால் எங்கள் லேபில் கழுவி மறுபடி எடுப்போம். ப்ளீச்சில் ஊறல், சோப்புத் தண்ணீரில் ஒரு தேய்ப்பு, பிறகு ஐந்து அலசல். ஒவ்வோர் அலசலுக்கும் பதிவேட்டில் ஒரு டிக். பக்கத்தின் அடியில் லேபை நடத்தும் ஜெயசீலி மேடம் கையெழுத்துப் போடுவார்.

புது ஸ்ட்ரிப் கொஞ்சம்தான் மிச்சம். அதை மருந்து போடாத செல்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். மற்ற எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள், ஆகையால் அதில் ஒரு பழுதும் இருக்கக் கூடாது. மருந்து போட்ட செல்களுக்குக் கழுவியது போதும். இது நான் யோசித்த ஏற்பாடு. மேடம் "நல்ல யோசனை தவமணி" என்று சொன்னார். பிளஸ் டூவோடு நின்றவள் சொன்னதைப் பி.எச்டி. படிக்கிறவர்கள் கேட்டு நடக்கிறார்கள் என்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

பஞ்சவர்ணத்துக்கு முதல் ஊசி. லீவு போட்டுக் கூடப் போனேன். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. என்னைவிட மூன்று வயது இளையவள், அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். புருஷன் தவறி ஆறு வருஷமாகிறது. ஜனவரியில் மார்பில் கட்டியை எடுத்தார்கள். இனி இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசியாக ஆறு ஊசி. ஆறையும் முடித்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா நல்லபடியாகத்தான் சொன்னார்.

ஊசி ஏறும்போதுகூட வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மாவின் ரவிக்கையில் கை தைத்திருந்த விதம் சரியில்லை என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவளைத் திட்டவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது.

மார்ச் 17, திங்கள்

போர்வெல் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான். எங்கள் லேபுக்கு ஒரு வாளி. எண்பது ஸ்ட்ரிப் கழுவினேன். ஐந்து டிக் போட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று லேபில் ஒரே கொண்டாட்டம்.

பி.எச்டி. படிக்கும் தாஜுதீன் மூன்று வருஷமாக மலையடிவாரத்துச் செடிகளை அரைத்து, சாறு எடுத்து, புற்றுநோய் செல்கள்மேல் விட்டுப் பார்க்கிறான். ஆறு செடிகள் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் தேறவில்லை. ஏழாவது ஒரு கொடி. இன்று அதை மெஷினில் வைத்தோம்.

மெஷின் வேலை செய்கிற விதத்தை அவன்தான் எனக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தான். உயிரோடு இருக்கும் செல்லுக்குள் ஒரு சத்து இருக்கும், செத்தால் போய்விடும். மின்மினிப் பூச்சியின் வயிற்றில் இருக்கும் நொதியை அதோடு சேர்த்தால், சத்து இருக்கிற அளவுக்கு வெளிச்சம் வரும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிச்சம். மெஷின் அதை எண்ணிச் சொல்லும். வெளிச்சம் வந்தால் உயிர். இருட்டென்றால் சாவு.

கொடியின் சாறு விட்ட செல்கள் அத்தனையும் இருட்டு. கன்ட்ரோல் மட்டும் பளிச்சென்று இருந்தது. தாஜுதீன் நாற்காலியில் இருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, "அக்கா, செத்துருச்சுக்கா" என்றான். புற்றுநோய் செல் செத்ததற்கு ஒருத்தன் கண்கலங்கி நான் பார்த்ததில்லை.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி செய்தார்கள். மறுபடி இருட்டு. சாற்றை நூறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் இருட்டு. இவ்வளவு வீரியமா என்று மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடியின் பேரை வெளியே யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. அதனால் இங்கேயும் எழுதவில்லை.

சட்டத்தில் ஸ்ட்ரிப் செருகும்போது லேசாக ப்ளீச் வாடை வந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கக்கூஸ் பக்கமிருந்து வந்திருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

பஞ்சவர்ணத்துக்கு இரண்டாவது ஊசி.

ஏப்ரல் 6, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். மூன்று நாளாக ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. வாய் முழுக்கப் புண். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாயாடி ஒருத்தி பேசாமல் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. என்னென்னவோ பேசிப் பார்த்தேன். கடைசியில், எங்கள் லேபில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மின்மினி, வெளிச்சம், இருட்டு எல்லாம். அவள் திரும்பிப் படுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து உட்கார்ந்து மோர் குடித்தாள்.

எனக்கு இன்றைக்கு இது போதும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பஞ்சவர்ணத்துக்குக் கொஞ்சம் கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கீரை கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்றாவது ஊசி நாள். மேடத்தைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று லீவு கிடைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா கூட வருவதாகப் பஞ்சவர்ணம் போனில் சொன்னாள். சாயங்காலம் கேட்டதற்கு, போய்விட்டு வந்தாச்சு, இந்த முறை வாந்தியே இல்லை என்றாள். நல்லது.

மே 2, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது. உள்ளூர்ப் பதிப்பில், நான்காம் பக்கம். மேடம் படம் பெரிதாக, தாஜுதீன் பாதி. ஓரத்தில் சட்டத்தைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. வளையலை வைத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். கத்தரித்துத் தான் ஓட்டும் கல்லூரி பஸ்ஸில் சீட்டுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாராம். கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் கேட்கிறார்களாம்.

கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கும் அனுப்பியாகிவிட்டது.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் நாள், லீவு. பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்து ஒரு தட்டுப் பொங்கலும் சாப்பிட்டு, என் பழைய சேலையில் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். முகம் தெளிந்திருக்கிறது. துண்டை அவிழ்த்துக் காட்டினாள். அரிசி நீளத்துக்கு முடி முளைத்திருக்கிறது.

ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் முடி முளைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன ஞாபகம். ஒவ்வொருவர் உடம்பு ஒவ்வொரு மாதிரி.

மே 15, வியாழன்

நான்காவது ஊசி. கேட்கவில்லை.

மே 23, வெள்ளி

புது ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. வர இன்னும் இரண்டு வாரம். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லியிருப்பதால் காத்திருக்க முடியாது. முதல்முறையாகக் கன்ட்ரோலையும் கழுவிய ஸ்ட்ரிப்பில் வைத்தோம்.

தாஜுதீன் மெஷினைப் பார்த்து, "அக்கா, கன்ட்ரோலும் செத்துப்போச்சு" என்றான்.

சாறு படாத செல். யாரும் எதுவும் செய்யாத செல். அது ஏன் சாக வேண்டும்? நொதி கெட்டிருக்கும், ஃப்ரிட்ஜ் நின்றிருக்கும் என்று அவனே காரணம் அடுக்கினான். எல்லா பாட்டிலையும் எடுத்து வெளியே வைத்தான். நான் கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மே 24, சனி

தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 17-லிருந்து நான் ஐந்து தடவை அலசவில்லை. ஒரு தடவை. சில நாள் அதுவும் ஏற்கெனவே அலசிய தண்ணீரில். ஐந்து டிக் போட்டேன். டிக் போடாவிட்டால் மேடம் கேட்பார். கேட்டால் தண்ணீர் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிற்கும். வேலை நின்றால் தாஜுதீன் பாவம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் தண்ணீருக்காக இன்னொரு டிபார்ட்மென்ட்டில் போய் நிற்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு வந்த ப்ளீச் வாடை கக்கூஸ் பக்கமிருந்து வரவில்லை.

மே 28, புதன்

வீட்டிலிருந்து இரண்டு கேன் குடிதண்ணீர் கொண்டுபோனேன். இருபத்துநான்கு ஸ்ட்ரிப்பை ஐந்து தடவை அலசி, காயவைத்து, ஒன்றும் சொல்லாமல் சட்டத்தில் செருகிக் கொடுத்தேன். கன்ட்ரோலில் வெளிச்சம் வந்தது. தாஜுதீனுக்கு உயிர் வந்தது. பிறகு சாறு விட்ட செல்களைப் பார்த்தான். அவையும் அதே வெளிச்சம். கொஞ்சம்கூடக் குறையவில்லை.

அந்தக் கொடி எதையும் கொல்லவில்லை. என் ப்ளீச்தான் மின்மினியின் நொதியைக் கொன்றிருக்கிறது. அளக்கும்போதுதான் செல்லை ஸ்ட்ரிப்புக்கு மாற்றுவோம்; வளர்த்த தட்டில் அத்தனையும் உயிரோடுதான் இருந்திருக்கின்றன, மெஷினுக்குத்தான் தெரியவில்லை.

தாஜுதீன் என்ன நினைத்தான் தெரியுமா? கோடையில் இலையின் வீரியம் போய்விட்டது என்று நினைத்தான். திங்கட்கிழமை மலைக்குப் போய்ப் புதிதாகப் பறித்து வருகிறேன் என்றான். வெயிலில் தொப்பி போட்டுப் போ தம்பி என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

ஜூன் 4, புதன்

இரண்டு மூட்டை இலையோடு வந்திருக்கிறான். கழுத்து கறுத்துத் தோல் உரிகிறது. கையெல்லாம் முள் கீறல். கீறலுக்கு மஞ்சள் பத்துப் போட்டுவிட்டேன். "நீங்க இல்லைன்னா இந்த லேபே இல்லைக்கா" என்றான். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என் ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. புதுப்பிக்கிற கடிதம் மேடம் மேசையில் இருக்கிறது. இதையும் எழுதிவைக்கிறேன், பிறகு நான் இதை நினைக்கவே இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஜூன் 7, சனி

கீரை என்று எழுதியது பொய்.

அரைத்தது போக மிஞ்சிய இலை டிரேயில் காய்ந்து கிடந்தது. குப்பைக்குப் போக வேண்டியது. எதையும் தூக்கிப் போட விடாதவள் அல்லவா நான். பையில் போட்டு எடுத்துப்போய்ப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்தேன். ஒரு கைப்பிடியைக் கொதிக்கவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடி என்று அளவும் நான்தான் சொன்னேன். எந்த டாக்டர் எனக்குச் சொன்னார்? ஊசியோடு சேர்த்துக் குடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஊசியை விடாதே என்று சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.

இன்று மதியம் அவள் கடைக்குப் போனேன். உள்ளறைக்குக் கூப்பிட்டு, கையைத் தூக்கி அக்குளில் என் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, கல் மாதிரி.

"பயப்படாதீங்க மதினி. இலை கெட்டதயெல்லாம் ஒரு பக்கமாத் திரட்டி வெளிய தள்ளுது. அதான் இங்கிட்டு வந்து நிக்குது."

ஊசி எத்தனை ஆயிற்று என்று கேட்டேன். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், ரெண்டோட சரி, அதுக்கப்புறம் எதுக்கு, அதான் நீங்க கொண்டாந்து குடுத்தீங்கள்ல. அண்ணனிடம் சொல்ல வேண்டாம், முழுசாக் குணமானதும் நானே சொல்லிக்கிறேன் என்றாள்.

முடி முளைத்ததைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருக்க இந்த நாலு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

காலை ஒன்பதரைக்கு மேடம் அறையில் பதிவேட்டை விரித்துவைத்துச் சொன்னேன். தாஜுதீனும் இருந்தான். மார்ச் 17 முதல் உள்ள டிக் எல்லாம் பொய் என்றேன். மே 28 அன்று தெரிந்துகொண்டும் அவனை மலைக்கு அனுப்பினேன் என்றேன். அந்த இடத்தில் அவன் தன் கையில் இருந்த கீறலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போனான்.

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரி வராத நாள்லயும் அஞ்சு டிக் இருக்கு. எனக்கும்தான் தண்ணி வரலைன்னு தெரியும். வீட்டுல நானே புலம்பினேன். இங்க வந்து கையெழுத்துப் போட்டேன்."

மார்ச் 28 பக்கத்தில் விரலை வைத்து, நூறில் ஒரு பங்குக்கே எல்லாம் சாகிறது என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறார். பேப்பருக்கும் எழுதப்போகிறார். என் வேலையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. இலையை வீட்டுக்கு எடுத்துப்போனதைச் சொன்னபோதுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்தப் பொண்ணை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, நின்றுகொண்டிருக்காதே என்றார்.

இரவு

பஞ்சவர்ணம் நம்பவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டிக், ப்ளீச், வாளி. அவள் தையல் மெஷினில் பித்தான் ஓட்டை அடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அண்ணே சொல்லச் சொல்லுச்சா? என்னய ஊசிக்கு அனுப்ப இப்புடி ஒரு கதையா? அன்னைக்கு வந்து சொன்னப்ப உங்க கண்ணு எப்புடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் மதினி. அது பொய்யில்ல."

பொய் இல்லைதான். அன்றைக்கு நானும் அதை நம்பினேன். இன்றைக்குச் சொல்கிற உண்மைக்கு அந்தக் கண் எங்கே இருந்து வரும்?

வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பஸ்ஸில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழித்துக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். இருபது வருஷத்தில் அவர் என்னோடு சண்டை போட்ட நாட்கள் எவ்வளவோ நல்ல நாட்கள்.

ஜூன் 10, செவ்வாய்

தாஜுதீனிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை, ஒரு உதவி வேண்டும் என்றேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தைரியம். என் நாத்தனார் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள், மெஷின் நம்பரைக் காட்டினால் நம்பமாட்டாள்.

அவன் கையிலிருந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து மூடினான். பிறகு, கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் செல்லும் நொதியும் பல மடங்கு போட வேண்டும், செல்லை வளர்த்து மூன்று நாள் இலைச்சாற்றில் வைத்திருக்க வேண்டும், சனிக்கிழமை கூட்டிவாருங்கள் என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

கூட்டிவந்தேன். அவள் குடிக்கிற கஷாயத்தை ஃப்ளாஸ்கில் கொண்டுவந்திருந்தாள், பத்து மணிக்கு ஒரு தம்ளர் உண்டாம்.

இருட்டறையில் மூன்று பேரும் நின்றோம். விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகப் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னான் தாஜுதீன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று வந்த பெட்டியிலிருந்து இரண்டு புது ஸ்ட்ரிப், மே மாதம் நான் கழுவி வைத்ததில் ஒன்று, ஆக மூன்று. புது ஸ்ட்ரிப் ஒன்றில் வெறும் செல். இன்னொன்றில் மூன்று நாள் இலைச்சாற்றில் கிடந்த செல். நான் கழுவியதில் வெறும் செல், இலையின் வாசனைகூடப் படாதது. சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொன்றிலும் நொதியை விட்டான்.

முதல் ஸ்ட்ரிப்பில் எட்டுப் புள்ளி மஞ்சள் பச்சையாக மெதுவாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும் நானே அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. இரண்டாவதிலும் எட்டு. மூன்றாவது இருக்கிற இடமே தெரியவில்லை.

"இலை போட்டது எது?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

நடுவில் இருப்பது என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான எரியுது."

ஆமாம் என்றேன்.

"இருட்டா இருக்கிறது?"

"அது நான் சரியாக் கழுவாதது வர்ணம். அதுல இலையே இல்ல."

என் தோளில் இருந்த அவள் கை இறங்கியது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன், அவள் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை. அவள் நடுவில் இருந்த எட்டுப் புள்ளிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எனக்குள்ளயும் இது இப்புடித்தான் எரிஞ்சுக்கிட்டு இருக்கா மதினி?"

தாஜுதீன் விளக்கைப் போட்டுவிட்டான். அவள் ஃப்ளாஸ்கைத் திறந்து, நான் ஸ்ட்ரிப் கழுவும் தொட்டியில் கஷாயத்தை ஊற்றினாள். ஃப்ளாஸ்கை அவளே கழுவினாள். குழாயில் இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது.

ஜூன் 16, திங்கள்

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். இலை கொடுத்தது யார், அளவு சொன்னது யார், எல்லாம். அவர் என்னைத் திட்டவில்லை, நேரம் இல்லை அவருக்கு. அக்குள் கட்டியில் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ஜூன் 23, திங்கள்

பரிசோதனை முடிவு வந்தது. நோய் திரும்பிவிட்டது. அதே நோய்தான். வேறு மருந்து, முதலிலிருந்து ஆரம்பம், இந்த முறை எட்டு. விட்டுப்போன மூன்று ஊசியையும் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எப்படியும் வந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்காகத்தான் கேட்டேன் என்பது ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது.

மேடம் ஆறு மாதத்துக்கு என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறார். பதிவேடு இனி தாஜுதீனிடம். ஒவ்வோர் அலசலுக்கும் அவனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், பிறகு அவன் டிக் போடுவான். வந்து நிற்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான், டிக் போடுகிறான், போகிறான். ஒரு நாளைக்கு ஐந்து முறை.

ஜூன் 26, வியாழன்

புது மருந்தின் முதல் நாள். என்னை வர வேண்டாம் என்று சொல்வாள் என்று பயந்துகொண்டே போனேன். நகர்ந்து கட்டில் ஓரத்தில் இடம் விட்டாள். வீட்டுக்காரர் வராந்தாவில் நின்றார், உள்ளே வரவில்லை.

பாட்டிலை மாட்டினார்கள். சொட்டு இறங்க ஆரம்பித்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாருடைய ரவிக்கையையும் பார்க்கவில்லை. நான் சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இந்த மருந்து வேல செய்யும்னு முதல்ல ஒரு லேபுல பாத்திருப்பாங்கள்ல மதினி?"

பார்த்திருப்பார்கள் என்றேன்.

"அங்க கழுவுனது யாரு?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி பாட்டிலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முழுதும் இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று.